தடை என்று நம்பி விற்ற வண்டி

என் கணவர் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு டீசல் லோடு வண்டியில் மீன் கொண்டுபோவார். போன மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, எங்கள் வண்டியும் வாசலில் சும்மா நின்றது. அப்போதுதான் டி.வி.யில், புகை கக்கும் வண்டிகளின் விற்பனையைப் படிப்படியாக நிறுத்த அரசு திட்டம் என்று செய்தி ஓடியது.

எங்கள் ஊரில் தடை என்றால், குறித்த நாளில் எல்லா விசைப்படகும் கரைக்கு வந்துவிட வேண்டும். வண்டிக்கும் அப்படித்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

“ஏங்க, தடை வந்த பெறகு இரும்பு விலைக்குக்கூட எவனும் கேக்க மாட்டான். இப்பவே தள்ளிவிடுங்க” என்று தினமும் நச்சரித்தேன்.

“விசாரிச்சுட்டு விப்போம்டி” என்றார். நான் விடவில்லை. பக்கத்துத் தெரு மீன் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குக் கொடுத்தோம்.

தடைக்காலம் முடிந்த முதல் நாளே கரை நிறைய மீன். எங்கள் வண்டி லோடோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. ஆத்திரத்தில் வியாபாரியிடமே போய்க் கேட்டேன். “இத ஓட்டக் கூடாதுன்னு டி.வி.ல சொன்னாங்க. நீங்க மட்டும் எப்படி ஓட்டுறீக?”

“அது புது வண்டி விக்கிறதப் பத்தின பேச்சு, அக்கா. அதுவும் இன்னும் திட்டந்தான். ஓடுற வண்டிய யாரு நிப்பாட்டச் சொன்னா?” என்றார்.

இப்போது எந்தச் செய்தி வந்தாலும், அது யாருக்கு, எப்போதிலிருந்து என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை.

என் கணவர் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார், சம்பளத்துக்கு. சாயங்காலம் வியாபாரி வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வருகிறார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.