மாதா போன அடுத்த வீடு

என் பேரன் துப்பாக்கி தேடினான். எழுதவே கை கூசுகிறது. விவேக் நகரில் எங்கள் சந்தில் பதினெட்டு வீடுகள். எந்த வீட்டிலும் அப்படியொரு பேச்சை நான் கேட்டதில்லை.

போன செப்டம்பரில் கால்பந்து மைதானத்தில் சண்டை. நான்கு வீடு தள்ளியிருக்கும் ரோஷன், பேரன் ஜெரினின் மண்டையை உடைத்துவிட்டான். ஐந்து தையல். பதினேழு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. ஒருநாள் அவன் மாடியில் போனில் பேசியது என் காதில் விழுந்தது.

"கத்தி பத்தாது மச்சா. துப்பாக்கியே வேணும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

போலீசில் சொன்னால் பிள்ளை சிறைக்குப் போவான், சொல்லாவிட்டால் கல்லறைக்கு. அவன் அம்மாவிடம், என் மகளிடம், சொல்லவும் துணிவில்லை. "ஆண்டவரே, அது அவன் கைக்கு வரவே கூடாது" என்று அழுதேன்.

அது அக்டோபர், செபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீட்டுக்குப் போகும். வைத்திருந்த வீட்டார்தாம் அடுத்த வீட்டுக்குச் சுமந்து போய்க் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சுமந்து போகும் முறை எங்களுக்கு. சீட்டுப் போட்டதில் எங்களுக்கு அடுத்து விழுந்தது ரோஷன் வீடு!

பதறிப்போய், செபக் குழுவை நடத்தும் ஸ்டெல்லாவிடம் ஓடினேன். "வேற வீட்டுக்கு மாத்தும்மா."

"மாதாவுக்கே ரூட்டு போடறீங்களா தாத்தா? உங்க முட்டி தாங்காது. ஜெரின் தூக்கட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் ஷூ மாட்டிக் கிளம்பியவன் கையில் என் மகள் சுரூபத்தைக் கொடுத்துவிட்டாள். முறைத்துக்கொண்டே நடந்தான். மெழுகுவர்த்தியோடு நான் பின்னால். கதவைத் திறந்தவன் ரோஷன். இருவரும் அசையவில்லை.

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல்: "ஏன்டா மரம் மாதிரி நிக்கற? மாதாவ வாசல்லயே நிக்க வெப்பியா? புடிடா!"

ரோஷன் கை நீட்டினான். சுரூபம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"மெதுவா, விட்டுடாத" என்றான் ஜெரின்.

செபமாலை முடியும்வரை பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார்கள். பிறகு காபி டம்ளரோடு படியில் உட்கார்ந்து ஏதோ பேசினார்கள். ஜெரின் வேறெங்கும் போகவில்லை. என்னோடு வீட்டுக்குத் திரும்பியவன் தானாகவே சொன்னான்.

"நான் எதாவது செஞ்சிருவேன்னு அவனும் வெளிய வரதில்லையாம் தாத்தா. வந்தாலும் பையில கத்தியோடதான் வரானாம். ரெண்டு பேரும் லூசுங்க."

என் எதிரிலேயே போன் போட்டு, "வேணாம் மச்சா, விட்டுடு" என்றான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இன்று ஜெரின் கல்லூரிக்குப் போகிறான். நான் தடுக்க ஓடிய வழியிலேயே ஆண்டவர் வந்தார். அவருக்கு நன்றி. உங்கள் வீட்டுப் பிள்ளை ஆயுதம் தேடினால், அவன் யாரைக் கண்டு பயப்படுகிறான் என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் செபியுங்கள். அவனும் பயந்துதான் கிடப்பான்.