தூரத்திலிருந்து போட்ட உரம்

கட்டாரில் நான் வேலை செய்த ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மெஷினிலிருந்து ஆவியோடு வெளியே வரும்போதெல்லாம் எங்கள் மலையில் காலையில் இறங்கும் மூட்டம் ஞாபகத்துக்கு வரும். அந்த ஆவிக்குள் நின்றுகொண்டுதான் நாலரை வருடம் என் வீட்டுத் தோட்டத்து மரங்களுக்கு உரம் போட்டேன்.

வீடு ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் எஸ்டேட் ரோட்டோரம் இருக்கிறது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வந்து, கிடைத்த ஏழு பேர்ச் துண்டுக் காணியில் கட்டியது. நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் பண்டாரவளைக்குப் போய் இரண்டு ஆனைக்கொய்யா ஒட்டுக்கன்றுகள் வாங்கி வந்தேன். நாங்கள் அதைப் பட்டர்புரூட் என்றுதான் சொல்வோம். ஒன்றை வீட்டுக்குப் பின்னால் நட்டேன், மற்றதை வேலி மூலையில். மனைவி தண்ணீர் ஊற்றினாள். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. கன்றுகள் இரண்டும் அவளுடைய முழங்கால் உயரம்கூட இல்லை.

போன முதல் ஐந்தாறு மாதம் எனக்கு அங்கே சரிப்படவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இடைவேளையில் துணிமூட்டைகள் மேல் சாய்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் எடுப்பேன். என்ன பேசுவதென்று தெரியாது. காசைப் பற்றிப் பேசினால் மனைவி முகம் வாடும், உடம்பைப் பற்றிக் கேட்டால் நான் பேச்சை மாற்றுவேன். ஒருநாள் சும்மா, "கன்று எப்படி இருக்கு, காட்டு பாப்போம்" என்றேன். போனைத் தூக்கிக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனாள். ஈர மண்ணில் அவள் செருப்பு எழுப்பிய சத்தம்கூட எனக்குக் கேட்டது. திரை முழுக்கப் பச்சையாக ஒரு இலை வந்து நின்றது. அன்றைக்கு நான் முழுச் சோறும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு பெரும்பாலும் தோட்டத்தில்தான் நடந்தது. முதல் ஐப்பசி மழை தொடங்கும் சமயம், "யூரியா வாங்கிப் போடு" என்றேன்.

"எவ்வளவுங்க போடணும்?"

"ரெண்டு கைப்பிடி. தண்டுக்குக் கிட்டவே போடு, அப்பதான் வேருக்குப் போய்ச் சேரும்."

"சின்னக் கன்று தானேங்க. ஒரு பிடி காணாதா?"

"பயப்படாம போடு."

எனக்கு என்ன தெரியும்? என்னோடு வேலை செய்தவர்கள் சொன்னது, போனில் பார்த்தது, தேயிலைக்கு உரம் வீசுவதைச் சின்ன வயதில் பார்த்தது எல்லாவற்றையும் கலந்து ஒரு அறிவு வைத்திருந்தேன். பிறகு கொஞ்சம் ஒழுங்காகப் படித்தேன். பட்டர்புரூட்டின் வேர் மேலாகவே படரும், தண்டோடு ஒட்டி உரம் போடக்கூடாது, கிளை முடிகிற இடத்துக்கு நேர் கீழே வட்டமாகப் போடவேண்டும் என்று தெரிந்துகொண்டேன். உடனே கட்டளையை மாற்றினேன். "போட்டாச்சுங்க" என்பாள். "வட்டமா?" என்பேன். "ஆமாங்க, வட்டமாத்தான்."

இரண்டு மரங்களும் வளர்ந்தன. திரையில், பின்னால் வானம் தெரிய நின்ற மரம் பெரியது. பின்னால் தேயிலை மலை தெரிய நின்ற மரம் எப்போதும் கொஞ்சம் குள்ளம். அந்தக் குள்ள மரத்தின் மேல் எனக்குத் தனிப் பரிவு. "சின்னதுக்கு ஒரு தேங்காச் சிரட்டை எரு கூடப் போடு" என்பேன். அவள் போனை வேறு பக்கம் திருப்பிவிட்டு "சரிங்க" என்பாள். வெளிநாட்டு உரத்தை அரசாங்கம் நிறுத்தி, உரமே கிடைக்காத அந்த வருடத்தில் நாடே தவித்தபோது, நான் என் இரண்டு மரங்களுக்காகவும் தவித்தேன். அவள் மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போட்டுச் சமாளித்துவிட்டதாகச் சொன்னாள். தூங்கும்போது சில நாள் அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருப்பதாகக் கனவு வரும். இலைகள் ஒன்றோடொன்று உரசும். எழுந்தால் ஏசியின் சத்தம்.

லீவு இரண்டு தடவை தள்ளிப்போனது. கடைசியில் ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். கொழும்பிலிருந்து வந்த பஸ் பண்டாரவளையைத் தாண்டும்போது விடிந்தது. மூட்டம் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் மனைவி நின்றாள். போனில் தெரியாத நரை நிறைய இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கினோம்.

"தோட்டத்தைப் பாத்துட்டு வாறேன்" என்றேன்.

"டீ குடிச்சிட்டுப் போங்களேன்" என்றாள் அவசரமாக.

நான் அதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டேன். முதல் அடியிலேயே கால் சறுக்கியது. எங்கள் காணி செங்குத்தான சரிவு. அதை நான் மறந்தே போயிருந்தேன். போனுக்குள் எல்லாம் தட்டையாக, மேசைமேல் வைத்ததுபோல் இருந்தது. மூட்டத்துக்குள் கைகளை நீட்டிக்கொண்டு இறங்கினேன். எனக்குக் கீழே ஒரு மரம் நின்றது. உச்சி என் கண்ணுக்கு நேராக, அதற்குப் பின்னால் தேயிலை மலை மங்கலாக. ஆ, நம்ம சின்னது. அதைக் கையால் தடவினேன். பெரியது எங்கே என்று தேடினேன். வேலி மூலைக்கு இறங்கினேன். அங்கே சௌசௌ பந்தல் இருந்தது. திரும்பி மேலே பார்த்தேன். என் தலைக்கு மேல், வானத்துக்கு நேராக, பெரிய மரம் நின்றது. அதே கிளை, அதே வளைவு. நான் இப்போது தடவிவிட்டு வந்த அதே மரம்.

மேலே ஏறினேன். பார்த்தேன், சின்னது. கீழே இறங்கினேன். பார்த்தேன், பெரியது. கனவில்தான் இப்படி நடக்கும். கோபம் வரவில்லை. நாலரை வருடம் கூடவே இருந்த ஒருவர், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று தெரிந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

மனைவி டீக்கோப்பையோடு பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

"மற்றது எங்க?" என்றேன்.

"போயிருச்சுங்க."

"எப்ப?"

"மொத ஐப்பசியிலயே. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு கைப்பிடி யூரியா போட்டேன். மூலைக் கன்றுக்குப் போட்டு முடிக்க, மழை கொட்ட ஆரம்பிச்சிருச்சு. இதுக்கு இன்னொரு நாள் போடலாம்னு உள்ள வந்துட்டேன். பத்து நாள்ல அது நெருப்புல வாட்டின மாதிரி கருகிருச்சு. தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தேன், வரல. அப்புறம் எங்க இதுக்குப் போடுறது?"

"ஏன் சொல்லல?"

கோப்பையை என் கையில் கொடுத்தாள். "அப்ப நீங்க சாப்பிடாம கெடந்தீங்க. மரத்தப் பாத்துத்தான் சிரிச்சீங்க. நீங்க சொல்லிப் போட்ட ஒரத்துல செத்துப்போச்சுன்னு எப்படிங்க சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு பாத்தேன்."

"மகளுக்குத் தெரியுமா?"

"அவதான் சொன்னா, மேலேருந்து புடிச்சா சின்னதாத் தெரியும், கீழேருந்து புடிச்சா பெருசாத் தெரியும்னு. அவ படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு நானே புடிக்கப் பழகிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டீ சிந்தியது. சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது. ஒரு கன்றை நான் கொன்றிருக்கிறேன். அது தெரியாமல் வருடக்கணக்கில் அதற்கு எருவும் சாம்பலும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன். அவளோ அந்த அளவையெல்லாம் கேட்டுக்கொண்டு, நான் போனை வைத்த பிறகு தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து மழை ஒரு நாள் விட்டது. "இன்னைக்கு ஒரம் போடுவமா?" என்று அவளே கேட்டாள். வட்டமாகக் கோடு கீற மண்வெட்டியை எடுத்தேன். அவள் வாங்கி வைத்துவிட்டாள்.

"கொத்தாதீங்க. பாருங்க" என்று காய்ந்த சருகை விரல்களால் விலக்கினாள். அடியில் வெள்ளை நூல்போல வேர்கள், மண்ணுக்கும் சருகுக்கும் நடுவில், எங்கும் பரவிக் கிடந்தன. அவற்றை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"முழு வட்டமாப் போட்டா கீழ்ப் பாதில உள்ளது மழையில ஓடைக்குத்தான் போகும். மேப்பக்கம் மட்டும் போட்டாப் போதும், தண்ணி தானா எறக்கிக் குடுக்கும்" என்றாள். மேல்பக்கத்தில் கிளை முடிகிற இடத்துக்கு நேராக அரைவட்டமாய் எருவைத் தூவினாள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நகர்ந்தேன். மேலே ஒரு பிடி சாம்பல், அதன்மேல் முள்முருங்கைத் தழை, அதன்மேல் மறுபடி சருகு. தண்டைச் சுற்றி ஒரு சாண் சுத்தமாக விட்டாள். மண் வாசனையும் எரு வாசனையும் ஈரத்தோடு மேலே வந்தன. தூரத்தில் பதுளைப் பக்கம் போகும் ரயில் கூவியது. என் கைகளில் சலவைச் சோப்பின் வாசனை அன்றைக்குத்தான் போனது.

வேலி மூலையில் இன்னொரு கன்று நடலாமா என்று கேட்டேன். "வேணாங்க, பந்தலுக்கு வெயில் வேணும்" என்றாள். விட்டுவிட்டேன். பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. அங்கே ஜன்னல் இருக்கிறது.

பொங்கல் கழிந்து மரம் பூத்தது. பூ பெரும்பாலும் உதிர்ந்தது. ஆடிக்காற்று கொஞ்சம் பிஞ்சுகளையும் உதிர்த்தது. மிஞ்சியவற்றில் ஆறேழு காய்களைப் பறித்து அரிசிப் பெட்டிக்குள் வைத்தோம். நான் தினமும் போய் அழுத்திப் பார்ப்பேன், அவள் ஏசுவாள். மகள் லீவில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று கனிந்தது. சீனியும் பாலும் போட்டுப் பிசைந்து மூன்று கோப்பைகளில் எடுத்தோம்.

"கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றாள் மகள்.

"சாம்பல் பத்தல போல. இந்த மழைக்குக் கூடப் போடணும்" என்றாள் மனைவி.

"எவ்வளவு போடணும்?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியை நக்கிவிட்டு யோசித்தாள். "ஒரு சிரட்டை" என்றாள்.