அப்பாவின் பிளேயர் ஆன் ஆகவில்லை

பிரசங்கம் பாதியில் இருந்தபோது அம்மா தன் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிப் புடவை மடிப்பில் குத்திக்கொண்டாள். அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது. அப்பாவின் எம்பி3 பிளேயருக்கு அடிப்பக்கம் ஒரு பொடி ஓட்டை இருக்கிறது. அது ரீசெட் ஓட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஊக்கு நுனி அதில் சரியாக நுழையும்.

"ம்மா, அந்த ஊக்கு வேணும்," என்றேன் காதோரம்.

"பேசாம உக்காருடி. பாஸ்டர் இங்கதான் பாக்குறாரு."

"அப்பா பிளேயருக்கும்மா."

பதிலுக்குத் தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது.

விவரம் இதுதான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடப்போகிற பாட்டில் மூன்றாவது சரணத்தை ஒரே ஆள் தனியாகப் பாட வேண்டும். அது யார் என்று பாட்டு சொல்லிக்கொடுக்கிற அக்கா சனிக்கிழமை ஒத்திகையில் முடிவு செய்வார். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் எங்கள் அபார்ட்மெண்டில் மேல் மாடியில் குடியிருக்கும் அங்கிள். திருநெல்வேலிக்காரர், ஐடி வேலை, டேப்லெட்டில் நோட்ஸ் பார்த்துப் பாடுபவர். அப்பாவுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது, காதால் கேட்டுத்தான் பிடிப்பார். அக்கா கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடிக் கொடுத்த பதிவு அவருடைய பிளேயரில் இருக்கிறது. கம்பெனி வேனில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அதுதான் பயிற்சி. அந்தப் பிளேயர்தான் ஒரு வாரமாக ஆன் ஆகவில்லை.

முதல் நாளே சொன்னேன், போனில் போட்டுத் தருகிறேன் என்று.

"வாணாம் பாப்பா. மேல் சுருதில நின்னுகினு இருக்கும்போது கம்பெனிலேர்ந்து போன் வரும். அப்பால கீழ எறங்கிட்டா மறுபடியும் எங்க ஏறறது?"

ஞாயிறு மதியம் பிரியாணி முடிந்ததும் ஹாலில் பேப்பர் விரித்தேன். நான் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம். கல்லூரியில் இதுவரை ரெசிஸ்டர்களின் நிறங்களைத்தான் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். நோயாளி என்று ஒன்று கையில் கிடைத்தது இதுவே முதல் தடவை. விரல் வெளுக்கும்வரை பவர் பட்டனை அழுத்தினேன். பவரையும் சத்தம் கூட்டுகிற பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். பக்கவாட்டில் இருந்த லாக்கைத் தள்ளி, திருப்பித் தள்ளி, மறுபடியும் அழுத்தினேன். கடைசியில் ஊக்கால் ஓட்டையைக் குத்தினேன். உள்ளே ஏதோ மெத்தென்று அமுங்கியது. அது மைக் என்பது அதற்குப் பிறகு பார்த்த வீடியோவில்தான் தெரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. பாட்டு கேட்க மைக் எதற்கு?

அந்த நேரத்தில் மூன்றாவது சரணம் படியிறங்கி வந்தது. பின்னாலேயே மேல் மாடி அங்கிளும் வந்தார்.

"அண்ணாச்சி, மோட்டார் போடட்டா? தண்ணி வரமாட்டேங்கு." என் பேப்பரை எட்டிப் பார்த்தார். "என்ன, பொட்டி இன்னும் கண்ணத் தொறக்கலியோ?"

"தொறக்கும், தொறக்கும்," என்றார் அப்பா. "நீங்க மோட்டாரப் போடுங்க."

"பழைய டேப்லெட் ஒண்ணு வீட்ல சும்மாதான் கெடக்கு. தரட்டுமா?"

"வாணாங்க. அத்தப் பாத்துகினே பாடணும். எனக்குக் கண்ண மூடினாதான் பாட்டு வரும்."

"அப்போ சனிக்கெழம கண்ண மூடிட்டே வாங்க அண்ணாச்சி. நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் போனார். அப்பாவும் சிரித்தார். ஆனால் கதவைச் சாத்திவிட்டு வந்து, பேப்பருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சனிக்கெழமக்குள்ள வந்துரும்ல பாப்பா?" அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை.

"சார்ஜ் ஒழுங்கா போடுறியாப்பா?"

"டெய்லி போடுறேன். மின்ன கம்பெனிலயே போட்டுகினு இருந்தேன், இப்ப வேன்ல இருந்து எறங்கி ஊட்டுக்கு வந்ததும் மொத வேல அதான்."

அப்படியானால் பேட்டரிதான் போயிருக்கிறது. கரையான்சாவடிக்குப் போய்ப் பொடி ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்து, திறந்து, பேட்டரியை மாற்றிவிட வேண்டியதுதான். கடைசியாக ஒருமுறை சோஃபாவுக்கு மேலே இருக்கும் போர்டில் சார்ஜ் போட்டுவிட்டு, படுத்துக்கொண்டே பேட்டரி மாற்றும் வீடியோ பார்த்தேன்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால் வழியில் இருக்கிற சுவிட்சை எல்லாம் அணைத்துக்கொண்டே போவார். பாத்ரூமில் ஆள் இருக்கும்போதே விளக்கை அணைத்த வரலாறு எங்கள் வீட்டில் உண்டு. அன்றும் சமையலறைக்குப் போகும் வழியில், படுக்கையறை ஃபேன், டக். வாசல் விளக்கு, டக். மூன்றாவது டக் என் தலைக்கு மேலே கேட்டது. சுவிட்சைப் பார்க்கக்கூட இல்லை. "டீ குடிக்கிறியா பாப்பா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அணைத்தார்.

டீ வந்தது. நான் குடிக்காமல் சமையலறைக்குப் போனேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, பேட்டரிலாம் ஒண்ணும் ஆகல. அப்பாவே சார்ஜ் போட்டுட்டு அப்பாவே ஆஃப் பண்ணிடுறாரு."

"ஆமா."

"ஆமாவா? உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்குறேன், தெரியாம இருக்குமா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா பூண்டுத் தோலை ஊதினாள். "ஒரு வாரமா அந்த மூணாவது சரணம் இல்லாம ஊடு எப்டிக் கீது, பாத்தியா?"

அப்பாவிடம் கேட்டேன். "நானா? நான் இன்னாத்துக்கு ஆஃப் பண்ணப்போறேன்?" என்று சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போனார். அம்மா இருட்டில் பூண்டு உரித்தாள்.

எங்கள் வீட்டில் அவர் விரல் படாத சுவிட்ச் ஒன்றுதான் உண்டு. ஃபிரிட்ஜ் சுவிட்ச். அதை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, உள்ளே இருந்த மீனின் கதியைப் பார்த்த பிறகு அம்மா அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அதே சுவிட்சில் பின்னால் இன்னொரு பாயிண்ட் சும்மா இருந்தது. பிளேயரை அங்கே செருகி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் திரையில் காலி பேட்டரிப் படம் ஒன்று கண் சிமிட்டியது.

அப்பா இயர்போனை மாட்டி, கண்ணை மூடி, பாடத் தொடங்கினார். ஏறினார். இன்னும் ஏறினார். உச்சியில் குரல் பிசிறியது. மறுபடியும் பாடினார், மறுபடியும் பிசிறியது. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மேல் மாடியில் அங்கிள் அதே இடத்தை அலுங்காமல் தாண்டிக்கொண்டிருந்தார்.

"தொண்ட மறந்துட்டுகீது பாப்பா," என்று அப்பா இயர்போனைக் கழற்றினார். "ஒரு வாரம் போச்சுல்ல."

அன்று அவர் தூங்கப்போன பிறகு, பதிவை லேப்டாப்பில் போட்டு ஒரு படி கீழே இறக்கி, பழையபடி பிளேயரில் ஏற்றிவைத்தேன். மறுநாள் சாயங்காலம் அப்பா வேனிலிருந்து பாடிக்கொண்டே இறங்கினார். "ஆண்டவர் தொண்டயத் திருப்பிக் குடுத்துட்டாரு பாப்பா. அப்டியே போய் நிக்குது." நானும் ஆமென் என்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. அப்பா நாளுக்கு நாள் நன்றாகப் பாடுகிறார், ஒரு படி கீழே. இந்தச் செய்தி அக்காவின் கீபோர்டுக்கு இன்னும் தெரியாது. அதில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. ஓர் அழுத்துக்கு அரைப் படி. இரண்டு தடவை அழுத்தினால் அக்காவின் விரல்கள் வழக்கமான கட்டைகளிலேயே ஓடும், பாட்டு மட்டும் அப்பாவின் படிக்கு இறங்கி வந்துவிடும். மேல் மாடி அங்கிளுக்குக் கீழ்ச் சுருதியில் வெறும் காற்றுதான் வரும். படிக்கட்டில் நானே கேட்டிருக்கிறேன். ஒரே தொல்லை, திரையின் ஓரத்தில் எண் தெரியும். பாட்டுத் தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் மறைந்துவிடும்.

அக்காவிடம் கேட்டே செய்யலாம். கேட்டால் சரி என்றும் சொல்லக்கூடும். நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் சர்ச்சுக்குப் போகப்போகிறேன். அக்கா வந்திருந்தால் கேட்பேன். கீபோர்டு மட்டும் இருந்தால் அழுத்துவேன்.