தலையணைக்குக் கால் முளைத்த அறை

அன்று காலைக் கூட்டத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரை இருந்தார், பெரிய கிளாக்கர் இருந்தார், மிட்வைப் அம்மா இருந்தார், ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதும் நான் ரிஜிஸ்டரோடு நின்றேன். பிள்ளை பெற்றவர்களில் ஒருத்தியும் இல்லை. பேசியதெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று அறைக்கு ஐந்து இரும்புக் கட்டில் போட்டு ஒரு வருஷம். பெற்ற மறுநாளே பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். ஆளில்லாத அறையை மாதம் முடிந்ததும் மூடுவதாகத் துரை சொன்னார். மூடினால், பிள்ளைப்பேறு பார்க்க வஹகோட்டையிலிருந்து வந்திருந்த மிட்வைப் அம்மாவுக்கு வேலை இல்லை.

"ரெண்டு கிழமை குடுங்க தொரை. ஏன் போறாங்கன்னு பாத்து எழுதித் தாறேன்," என்று வாயை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் எழுதிப் பார்த்தால் விளங்கிவிடும் என்று நம்பினேன்.

"பொம்பளைங்க மனசுக்கும் ஒரு ரிஜிஸ்டர் போடுங்க தம்பி," என்று பெரிய கிளாக்கர் சிரித்தார்.

முதல் கிழமை ஏழு நாளும் சாப்பாடு, சத்தம், மூட்டைப்பூச்சி என்று கோடு போட்டுக் கேட்டு எழுதினேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றார்கள், சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டாம் கிழமை கேட்பதை விட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். மிட்வைப் அம்மா காலையில் சுவரோரம் வைக்கிற தலையணை, பத்து மணிக்குள் கால்மாட்டுக்கு வந்துவிடும். அவர் திருப்பி வைப்பார். அது மறுபடி வரும்.

"தலகாணிக்குக் கால் மொளச்சிருக்கு. அதையும் எழுதிக்கங்க," என்றார்.

ஜன்னலில் வெயில் வந்த திசையைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. சுவர் இருப்பது வடக்கில்! பாயில் படுத்து வளர்ந்த எனக்குக் கட்டிலைக் கண்டதும், வடக்கே தலை வைக்கக்கூடாது என்பது மறந்துபோயிருக்கிறது. மிட்வைப் அம்மா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். அவர் திசை பார்த்துப் படுக்கிறவரல்ல.

முந்தின நாள் மூன்றாவது பிள்ளையைப் பெற்றிருந்த அக்காவிடம் கேட்டேன்.

"வடக்க தல வச்சுப் பச்சப்புள்ளயோட படுக்கலாமா தம்பி? சரின்னு திரும்பிப் படுத்தா, மருந்துக்கு வந்த ஆம்பளைங்க வாசல்ல என் தலைக்கு மேல நிக்கிறாங்க. நான் புள்ளைக்குப் பால் குடுக்கவா, அவங்களுக்குக் கும்புடு போடவா?"

"இத முந்தியே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீங்க சோறு எப்படின்னுதானே கேட்டீங்க!"

மிட்வைப் அம்மா சிரித்த சிரிப்பில் அந்தப் பிள்ளை விழித்து அழுதது. அப்போதே இருவரும் அலுமாரியை நகர்த்தி, ஐந்து கட்டிலையும் கிழக்கே தலைமாடு வைத்துத் திருப்பினோம். வாசலில் மருந்துக்கு நிற்கும் ஆண்கள் வரிசைதான் பாக்கி. மருந்தறையின் பின்ஜன்னலை வாசலாக்கினால் அவர்கள் அந்தப் பக்கமாகவே வந்து போகலாம் என்று படம் கீறிக் கொடுத்தேன்.

துரை படத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா ஓடினாங்க?" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்த அக்கா ஆறு நாள் இருந்து, உடம்பு தேறி, நடந்தே லயத்துக்குப் போனாள். அடுத்து வந்தவர்களும் இருந்தார்கள். அறையை மூடும் பேச்சு நின்றது. ஜன்னலை இடித்து வாசல் வைத்த மேசன் பாஸின் கூலி, கதவுப் பலகை, கீல் எல்லாம் சேர்த்துத் தோட்டத்துக்கு ஆன செலவு நாற்பத்தொரு ரூபா ஐம்பது சதம்.