கடல்பாசி என்று சொன்ன மாத்திரை

என் அக்காவுக்கு நான் கொடுத்த மாத்திரை, ஆட்டின் கழுத்துச் சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்தது. அவளிடம் அதைக் கடல்பாசி என்று சொன்னேன். நாங்கள் சைவக் குடும்பம். அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எங்களைவிடக் கெடுபிடி அதிகம். மீன் கூடைக்காரி அந்த வாசல் பக்கம் குரல்கூடக் கொடுக்கமாட்டாள். அந்த வீட்டுக்குள் ஆட்டைக் கொண்டுபோய் வைத்தவன் நான். அதுகூடப் பெரிய குற்றம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அவளிடம் சொல்லாமல் வைத்ததுதான் குற்றம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தைய காலம். சென்னையில் எல்.எம்.பி. டாக்டர் படிப்பு முடித்துவிட்டுத் தேனி கடைத்தெருவில் சின்னதாக டிஸ்பென்சரி போட்டிருந்தேன். அக்கா போடியில் இருந்தாள். அத்தானுக்கு ஏலக்காய் மண்டி. வீட்டின் முன்பாதி முழுக்கச் சாக்கு மூட்டைகள். அந்த வாசம் அக்காவின் சேலையிலும் இருக்கும்.

அவளுக்கு நோய் வந்தது யாருக்கும் தெரியாது. மெதுவாக வரும் நோய் அது. முகம் ஊதியது. புருவத்தின் ஓரத்து மயிர் உதிர்ந்தது. குரல் தடித்து ஆண்குரல் ஆனது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். பிறகு குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு மலையாள மாந்திரீகனை அழைத்துவந்து கயிறு கட்டினார்கள். நான் பார்த்தவுடன் கண்டுகொண்டேன். மாணவனாக இருந்தபோது சென்னை ஆஸ்பத்திரியில் இதே முகத்தோடு ஒரு பெண்ணைக் கட்டிலில் காட்டிப் பாடம் நடத்தியிருந்தார்கள். தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி வற்றிப்போனால் உடம்பின் அனல் அணைந்துவிடும். அதற்கு மருந்தும் வந்துவிட்டிருந்தது.

அக்காவுக்கு முகத்தைப் பற்றிக் கவலை இல்லை. அந்த வீட்டில் வருஷந்தோறும் குருபூசை நடக்கும். அன்று மடத்துச் சாமியார்களும் ஊர்க்காரர்களும் சாப்பிடுவார்கள். முதல் உலையை மூத்த மருமகள்தான் வைக்க வேண்டும். சுத்த சைவமாக இருந்த கைதான் வைக்க வேண்டும். அக்காவின் கை தவலையைத் தூக்க முடியாமல் நழுவவிட்டதிலிருந்து, அந்த வேலை இளைய மருமகளிடம் போயிருந்தது.

“மூஞ்சி போனாப் போகுதுடா தம்பி. உலை வைக்கிற கை போயிருச்சே,” என்றாள்.

சென்னையிலிருந்து மாத்திரை வரவழைத்தேன். குப்பியை வாங்கியதும் அவள் கேட்டாள்.

“இதுல என்னடா இருக்கு?”

“கடல்பாசிக்கா. கடல்ல வெளையுறது.”

“மீன் கீன் ஒட்டிருக்காதே?”

“கழுவித்தான் செய்வாக.”

“வெள்ளக்காரன் கழுவுனானோ என்னமோ. நீ சொன்னாச் சரி.”

கடல்பாசியில் இருக்கும் அயோடின்தான் அந்தச் சுரப்பியிலும் இருக்கிறது, அதனால் இது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுவாள் என்பது என் முடிவு. சொல்லிப் பார்க்கவே இல்லை. படித்தவன் என்பதால், அவள் மனசும் எனக்குத் தெரியும் என்று நம்பினேன்.

மருந்து வேலை செய்தது. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. ஒருநாள் நான் தெருமுனையில் திரும்பும்போதே அவள் காய்கறிக்காரியோடு சண்டை போடும் குரல் கேட்டது. பழைய குரல். அவள் மாமியார் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா டாக்டரு, உங்கக்கா வாயைத் திறந்துவிட்டுட்டியே. இனி இதை மூட என்ன மாத்திரை வச்சிருக்க?”

அந்த வருஷம் குருபூசைக்கு அக்காதான் உலை வைத்தாள். அடுத்த வருஷமும் வைத்தாள். இரண்டு முறையும் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

பிறகு தேனி வாசகசாலையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உடம்பின் சுரப்பிகளைப் பற்றி அப்போது வந்துகொண்டிருந்த புதிய ஆராய்ச்சிகளைத் தமிழில் சொன்னேன். ஒருவன் விடும் மூச்சை அளந்தே அவன் உடம்பு எவ்வளவு அனல் எரிக்கிறது என்று கணக்கிடும் கருவியைப் பலகையில் வரைந்து காட்டினேன். கூட்டம் கொட்டாவி விட்டது. அவர்களை நிமிர வைக்க ஒரு கதை தேவைப்பட்டது. மலையடிவாரத்தில், ஏலக்காய் மணக்கும் ஒரு சைவ வீட்டில், ஆட்டுச் சுரப்பியைத் தின்று குரல் திரும்பிய பெண்ணின் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. கைதட்டினார்கள். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் பெயர் எதற்கு? தடித்த குரல் போய்ப் பழைய குரல் வந்த பெண் போடியில் ஒருத்திதான். நான் போடிக்குப் போவதற்குள் கதை பஸ் ஏறிப் போய்விட்டது.

மண்டியில் அத்தான் ஏலக்காயைச் சலித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உள்ளதான் இருக்கா, மாப்ளே. நீங்களே போய்ச் சொல்லுங்க, கடல்ல எந்தப் பக்கம் ஆடு மேயுதுன்னு.”

அக்கா அடுப்படியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். குப்பி அவள் பக்கத்தில் இருந்தது.

“நெசந்தானா?”

“நெசந்தாங்க்கா. சொன்னா மாட்டேன்னுருவியோன்னு…”

“கேட்டியா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“அன்னைக்கே சொல்லிருந்தாத் தின்னுருப்பேன்டா. மருந்துதானே. உலையை மட்டும் சின்னவ கையில விட்டுட்டு ஒதுங்கிருப்பேன். எங்க வீட்டுல அதுக்கு வழி இருக்கு. போன தலைமுறையில மூத்தவுக ஒருத்தர் சூலை நோவுக்கு ஏதோ ஆட்டுச் சூப்பு குடிச்சாக. அந்த வருசம் ஒதுங்கி நின்னாக. யாரும் ஒண்ணும் சொல்லல.” குரல் உயரவே இல்லை. “இப்ப, நான் ஆக்குனதை நம்பித் தின்னுட்டுப் போனாகளே, அவுகளுக்கு நான் என்ன சொல்ல? நீ சொல்லுவியா? அதையும் கூட்டம் போட்டுச் சொல்லு.”

குப்பியை என் கையில் வைத்தாள். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், சொன்னேன். “நீ சொல்றது நெசமா பொய்யான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

சில வாரங்களில் அவள் மாமியார் பஸ் பிடித்துத் தேனிக்கு வந்தார். அந்த அம்மாளுக்குத்தான் நான் அதிகம் பயந்திருந்தேன். அவரோ மடியை விரித்துக் கேட்டார்.

“அவ கிறுக்குப் பிடிச்சுக் கெடக்கா. குடுப்பா அந்த மாத்திரையை. பாவம் எம்மேல இருக்கட்டும். சுக்குக் கசாயத்துல பொடிச்சுப் போட்டுர்றேன், அவளுக்குத் தெரியவா போகுது?”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மகள் மாதிரி நினைத்த மருமகள் செத்துவிடுவாளே என்று பதறி வந்தவர் அவர். நான் மருத்துவன். எப்படிப் பொடிக்க வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

சில வாரம் கழித்து அக்கா ஆள்விட்டுக் கூப்பிட்டாள். போனதும் கையை நீட்டினாள்.

“தொட்டுப் பாரு.”

தொட்டேன்.

“மாத்திரையை விட்டதும் கை சில்லிட்டுப் போச்சு. இப்பச் சுடுது. ஏன் சுடுது?”

மாமியார் நிலைப்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கசாயச் செம்பை எடுத்துப்போய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.

அதன்பிறகு அவள் யார் கையிலிருந்தும் எதுவும் வாங்கவில்லை. பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டித் தனக்குத் தானே கஞ்சி காய்ச்சினாள். தண்ணீரைக்கூடத் தானே சேந்தினாள். நோய் திரும்பியபோது கை மறுபடி நழுவத் தொடங்கியது. சில நாள் அடுப்பே மூட்டவில்லை. விரதம் இருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது விரதம் இல்லை. அந்த வீட்டில் அவள் நம்பிச் சாப்பிட ஒரு கை மிச்சம் இல்லை. மாமியாரின் கையையும் கெடுத்தவன் நான்தான்.

மார்கழியில் கடைசியாகப் போனேன். மலைக்காற்று இறங்கியிருந்தது. நடுமுற்றத்து வெயிலில் இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. நாடி பார்க்க விட்டாள். மிகவும் மெதுவாக அடித்தது.

“குப்பி வச்சிருக்கியா?” என்றாள் அந்தத் தடித்த குரலில்.

எடுத்தேன்.

“இதுல என்ன இருக்கு?”

“ஆட்டோட கழுத்துச் சுரப்பிக்கா. காய வச்சுப் பொடிச்சது.”

“தின்னாப் பொழைப்பேனா?”

“தெரியலக்கா. நெஞ்சு நொந்து கெடக்கு. இது குடுக்குற சூட்டை அது தாங்குமோ தாங்காதோ. கொஞ்சமாத்தான் தரணும். தராட்டியும் ரொம்ப நாள் தாங்காது.”

போர்வையை விலக்கி என் பக்கம் திரும்பினாள்.

“இம்புட்டுத்தானேடா. சொன்னதுல வாய் வலிச்சுச்சா?”

பாதி மாத்திரையை உடைத்துக் கொடுத்தேன். தன் செம்புத் தண்ணீரில் விழுங்கினாள். பிறகு உள்ளே பார்த்து, மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்:

“அத்தே, குருபூசைக்கு உலையைச் சின்னவளே வைக்கட்டும். நான் மருந்து திங்கிறேன்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. “சரித்தா,” என்று மாமியாரின் குரல் வந்தது. அவ்வளவுதான். அந்த வீட்டின் வழி அவ்வளவு எளிதாக இருந்தது.

குருபூசை வருவதற்குள் அவள் போய்விட்டாள். நோய் முற்றிப் போனாளா, நான் கொடுத்த அரை மாத்திரையை நெஞ்சு தாங்காமல் போனாளா என்று எனக்குத் தெரியாது. காரியங்கள் முடிந்த பிறகு அத்தான் மண்டிக்குள் கூப்பிட்டு அதையே கேட்டார். தெரியாது என்றேன்.

“இப்பவாச்சும் நெசத்தைச் சொல்லுங்க மாப்ளே,” என்றார்.

அதுதான் நிஜம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஏலக்காயைச் சலிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.