கிணற்றடிப் புல்

கடல் வந்து போன மறு வருடம் என் அப்பா புல் வளர்க்கிறவர் ஆனார். அதுவரை அவர் எங்கள் ஊர் நாவலடியிலிருந்து ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போய் வந்தவர். புல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது ஆடு மாட்டுக்கு உரியது என்பது மட்டும்தான்.

மட்டக்களப்பு டவுனில் வாவிக் கரையோரமாக ஒரு மாடி வீட்டை, நிவாரணம் கொடுக்க வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தது. அந்த வளவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. கராஜுக்குப் பக்கத்து அறையில் எங்கள் இருவரையும் இருக்க விட்டார்கள். முகாமில் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எங்களை அதிர்ஷ்டக்காரர் என்றார்கள். எனக்கு ஒன்பது வயது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

நாங்கள் இருவர்தான். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கடலில் நின்றார். நடுக்கடலில் நின்றவர்களைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. நான் தன்னாமுனையில் சித்தி வீட்டில் நின்றேன். அம்மா எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்ததாக, ஓடித் தப்பிய அயல்வீட்டுக்காரி சொன்னாள். அதற்குப் பிறகு அம்மாவை யாரும் காணவில்லை. அப்பா பத்து நாள் தேடினார். எடுத்து அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை.

நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்த வெள்ளைக்காரப் பெண்ணை எல்லோரும் மேடம் என்றே கூப்பிடுவார்கள். நல்ல மனுசி. என்னைக் கண்டால் சிரிப்பார். மாடி வீட்டுக்கு முன்னால் இருந்த புல்தரையின் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. மாரி தொடங்கி வானம் இருண்டதும் அவருக்குத் தன் ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் அலுவலக மெனேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னதை மெனேஜர் அப்பாவைக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னார்.

"குளிர்காலத்தில புல்லு நித்திரை கொள்ளுமாம். மிதிக்கப்படாதாம். ஒட்ட வெட்டப்படாதாம். மேல ஒரு பாரமும் வைக்கப்படாதாம்."

அப்பா கொஞ்சநேரம் யோசித்தார். "எங்கட ஊரில குளிர்காலம் எது, ஐயா?"

மெனேஜரும் யோசித்தார். "மாரிதான்" என்றார்.

அப்படியாக எங்கள் மாரி குளிர்காலமாயிற்று. புல் நித்திரை கொள்ளவில்லை. கோடையில் கருகிக் கிடந்தது மாரியில்தான் துள்ளிக்கொண்டு வளர்ந்தது. அப்பா மழையில் நனைந்தபடி வாவிப் பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி, நின்ற தண்ணீரைத் தும்புத்தடியால் தள்ளி வடிய விட்டார். புல் வெட்டும் இயந்திரம் சேற்றில் புதைந்ததால் கத்தியால் குந்தியிருந்து வெட்டினார். நானும் புல்தரையைச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போனேன்.

பாரம் வைக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறியது நிறுவனம்தான். முகாம்களுக்குப் புதிய தறப்பாள்கள் லொறியில் வந்து, வைக்க இடமில்லாமல் புல்தரையின் நடுவில் அடுக்கப்பட்டன. முகாமில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் எங்கேயோ கையெழுத்து ஒன்று குறைந்ததால் தறப்பாள்கள் மூன்று கிழமை அங்கேயே கிடந்தன. எடுத்தபோது கீழே இரண்டு பாய் விரித்த அகலத்துக்குப் புல் வெளிறிச் செத்துப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கடல் வந்த ஒரு வருடத்தை நினைவுகூரும் கூட்டம் அந்தப் புல்தரையில் என்று முடிவாயிற்று. வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள்.

"பத்து நாளுக்குள்ள இது பச்சையாகணும்" என்றார் மெனேஜர். "இல்லாட்டி எனக்குப் பேச்சு விழும். பிறகு உங்களையும் வைச்சிருக்கேலாது."

அப்பா தெருவோரத்துப் புல்லைக் கொண்டுவந்து நட்டார். அது இரண்டு நாளில் அழுகிப் போயிற்று. மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. சைக்கிள் கரியரில் மண்வெட்டியையும் நாலைந்து உரப்பைகளையும் கட்டி, என்னை முன்னால் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்.

"எங்க போறம், அப்பா?"

"அறுகு எடுக்க, மனே."

நாவலடிக்கு நான் ஒரு வருடமாகப் போகவில்லை. அங்கே குடியிருக்க யாருக்கும் அனுமதி இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரங்கள் மட்டும் கிடந்தன. எங்கள் வீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா நேராகப் போய் ஒரு கிணற்றின் பக்கத்தில் சைக்கிளைச் சாத்தினார். கிணற்றுக் கட்டில் அம்மா எண்ணெய்ப் போத்தல் வைக்கும், முந்தியே உடைந்திருந்த மூலையைப் பார்த்துத்தான் அது எங்களுடையது என்று கண்டுகொண்டேன். சுற்றிவர அறுகு தடிப்பாகப் படர்ந்திருந்தது.

வரும் வழியில் வேறு வளவுகளிலும் நான் அறுகைப் பார்த்திருந்தேன். அங்கே எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் மணலில் சைக்கிளைத் தள்ளியிருக்கத் தேவையில்லை.

"முன்னுக்கும் கிடந்ததேப்பா."

"அது வேற ஆக்கள்ர வளவு" என்றார்.

கிணற்றில் வாளி இல்லை. அப்பா பழைய தகரப் பேணி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தார். வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "இன்னும் உப்பு" என்றார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லை மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டத் தொடங்கினார். அவ்வளவு மெதுவாக அவர் மண்வெட்டி பிடித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பசித்தது. கெதியாக வெட்டச் சொல்லி இரண்டு தரம் சிணுங்கினேன். அவர் ஒவ்வொரு சதுரமாகத் தூக்கி உரப்பையில் வைத்தார்.

அந்தப் புல் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு முதல்நாள் மேடம் வந்து பார்த்து, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டத்தன்று காலை சித்தி விளக்கும் பூவும் கொண்டு தன்னாமுனையிலிருந்து வந்தாள். அம்மாவுக்கு நாவலடியில் விளக்கு வைப்பதென்று அவளும் அப்பாவும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கதிரைகள் அடுக்க வேண்டியிருந்தது. மழை வந்தால் கூடாரம் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அப்பா மெனேஜரிடம் போய் ஒரு மணித்தியாலம் கேட்டார்.

"இண்டைக்கு நீங்க இல்லாட்டி எப்பிடி? பின்னேரம் போங்க" என்றார் மெனேஜர்.

"கடல் வந்தது காலமயில, ஐயா."

"தெரியும். அதுக்குத்தானே இந்தக் கூட்டமும்."

சித்தி கராஜ் வாசலில் நின்று சத்தமில்லாமல் கேட்டாள். "அக்காக்கு ஒரு விளக்கு வைக்கவும் ஏலாதா, அத்தான்? உங்களுக்கு இந்தப் புல்லுத்தான் பெரிசாப் போச்சா?"

அப்பா கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வாகனங்கள் வந்தன. சப்பாத்துக் கால்கள் புல்லில் இறங்கின. கடலில் ஆளை இழந்தவர்கள் என்று அந்த வளவில் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம், அதுவும் கராஜ் பக்கம். வந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். கடல் வந்த நேரத்துக்கு எல்லோரும் எழுந்து தலை குனிந்து மௌனமாக நின்றார்கள்.

அப்போதுதான் அப்பா நடந்தார். கதிரை வரிசைக்கு இடையால், நனைந்த சாரத்தோடு, வெறுங்காலோடு போனார். நடுவில் பதித்த கிணற்றடிப் புல்லின் மேல் ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். அப்பா அவர் கையைத் தொட்டு மெல்ல விலக்கினார். பிறகு குந்தி, இரண்டு கையையும் விரித்துப் புல்லின் மேல் வைத்தார். முழு மௌனமும் முடியும்வரை அப்படியே இருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மௌனம் முடிந்ததும் மெனேஜர் முகம் சிவக்க வந்து அப்பாவைத் தோளில் பிடித்து எழுப்பி, எங்கள் பக்கம் கூட்டி வந்தார். மேடமும் பின்னால் வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். மெனேஜர் அப்பாவைக் கேட்டார். அப்பா கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, அப்பா ஏன் அங்க போனவர்?" மெனேஜர் என்னிடம் கேட்டார்.

அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். அதோடு எனக்கு விடை தெரியும் என்றும் நினைத்தேன்.

"புல்லு மிதிபடுதெண்டு போனவர்" என்றேன். "குளிர்காலத்தில மிதிக்கப்படாதே."

மெனேஜர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மேடத்தின் முகம் மலர்ந்தது. அவர் போய் மற்றவர்களிடம் சொல்ல, அவர்களும் சிரித்துத் தலையாட்டினார்கள். விலக்கப்பட்ட வெள்ளைக்காரர் வந்து அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பாவைப் புல்லின் நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எனக்கு ஒரு பெட்டி சொக்லேட் கிடைத்தது. சித்தி அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு தனியாக நாவலடிக்குப் போனாள். நான் பெட்டியைத் தேடி எடுத்தேன். சித்திக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

அப்பாவின் வேலை இன்னும் மூன்று மாரிக்கு நிலைத்தது. யுத்தம் முடிந்த வருடம் நிறுவனம் சாமான்களைக் கட்டிக்கொண்டு போயிற்று. வீட்டுக்காரர் வந்து, வாகனம் விட வசதியாகப் புல்தரை முழுவதையும் கிண்டி எறிந்து சீமெந்துக் கல் பதித்தார். கிண்டிய மண் டிரக்டரில் எங்கோ போனது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதின்மூன்று வயது. பொழுது போகாமல் கேட்டேன்.

"அண்டைக்கு ஏனப்பா நடுவில போய்க் குந்தின நீங்க?"

"நீதானே மனே சொன்னாய்" என்றார். "புல்லு மிதிபடுதெண்டு."

அவர் பகிடி விடுகிறார் என்று நான் சிரித்தேன்.