பதினோராம் பக்கத்தில் ஒரு பிழை

லண்டன் நோர்பரியில் வாமதேவனின் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலைக்கு அஞ்சலீனா வந்து ஏழு வருடமாகியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் தன்னை ஆண் என்று எழுதியிருப்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாள். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் ஒரு மாதம் "இஞ்சை பாருங்கோ" என்றே சமாளித்தவர், பிறகு தங்கச்சி என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2004 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்த பழமைவாத ஆய்வு நிலையமொன்று சிறு நூலை அச்சுக்கு அனுப்பியது. திருநங்கைகளைச் சட்டப்படி பெண்களாக ஏற்கும் சட்டமூலம் அப்போது பாராளுமன்றத்தில் இருந்தது. அது கூடாதென்று வாதிடும் நூல். எம்.பி.க்களுக்குப் போகவேண்டியது.

"இதைக் கஸ்பரிட்டைக் குடுக்கிறன்" என்றார் வாமதேவன். அச்சகத்தில் பக்கம் அமைக்கும் மற்றவர் கஸ்பர்.

"வேண்டாம் அண்ணை. கஸ்பருக்கு அடிக்குறிப்பு ஒழுங்கா வராது. நான் செய்யிறன்."

செய்தாள். ஓரிடத்தில் 'இந்த ஆண்கள்' என்று வந்தபோது எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாள். ஆனால் பதினோராம் பக்கத்தை அவளால் தாண்ட முடியவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும், யாரும் பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. சட்டமூலத்தை அவள் நூலகத்தில் பிரதியெடுத்து வரிவரியாகப் படித்திருந்தாள்.

"அண்ணை, இது பிழை. ரெண்டு வருசம் அப்பிடி வாழ்ந்திருக்கோணும். டொக்டர்மாரின்ரை ரெண்டு அறிக்கையும் வேணும்."

"நாங்கள் அச்சடிக்கிற ஆக்கள், தங்கச்சி."

"எழுத்துப்பிழை எண்டால் சொல்லுவம்தானே?"

வாமதேவன் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார்.

மறுநாள் நூலை எழுதிய ஆய்வாளரே வந்தார். ஹியூ என்ற மெலிந்த மனிதர். அவள் நீட்டிய சட்டமூலப் பிரதியை நின்றபடியே வாசித்தார்.

"நீங்கள் சட்டம் படித்தவரா?"

"இல்லை. இது என்னைப் பற்றிய சட்டம்."

அவருடைய காதுகள் சிவந்தன. "இதிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

"ஸ்ட்ரெதமில் பஸ் ஓட்டுகிற ஒருவரை நான் கல்யாணம் செய்யலாம். இப்போது செய்ய முடியாது."

ஹியூ பேனாவை எடுத்து, பதினோராம் பக்கத்தில் அந்த வரியை வெட்டி, சரியானதை எழுதிக் கையொப்பமிட்டார். "என் முடிவுரையில் மாற்றமில்லை" என்றார். அவள் தலையாட்டினாள். நூல் சொன்ன நாளில் அச்சாகிப் போனது. அந்த நிலையத்தின் அடுத்த நூல் வேறு அச்சகத்துக்குப் போனது. காரணம் தெரியவில்லை. வாமதேவனும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூலையில் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அஞ்சலீனாவுக்குச் சான்றிதழ் வந்தது. 2006 வசந்தத்தில் அவளும் ஞானரட்ணமும் பதிவுத் திருமணம் செய்தார்கள். வாமதேவனும் கஸ்பரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். ஷிப்டை மாற்ற ஆள் கிடைக்காததால், மாப்பிள்ளை நான்கு மணிக்கே பஸ் ஓட்டப் போய்விட்டார்.